ரேகைச் சட்டத்தை எடுத்த நம்ம ஊர் முதலமைச்சர்



சென்னைக்கு வைத்தியத்துக்குப் போய் வந்தவங்க ஓமந்தூரார் ஆஸ்பத்திரின்னு சொல்லுவாங்க. அண்ணா சாலை பக்கத்துல இருக்கிற பெரிய அரசு ஆஸ்பத்திரி. அந்த ஓமந்தூர் வேற எங்கேயும் இல்லை, நம்ம திண்டிவனத்துல இருந்து பாண்டிச்சேரி போற ரோட்டுல இருக்கு. பஸ்ஸுல போறப்ப பார்த்துட்டே போயிருப்போம். அந்த ஊர்ல பிறந்து சென்னை மாகாணத்துக்கே தலைவரா இருந்தவர்தான் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். நாடு சுதந்திரம் அடைஞ்ச அன்னிக்கு சென்னைக் கோட்டையில ஆட்சி நடத்தினது நம்ம தாலுக்கா விவசாயி ஒருத்தர்னு நம்ம பிள்ளைகளுக்கு எத்தனை பேர் சொல்லியிருப்போம்?

மலருக்கு ஒரு பெரியவரோட வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னாங்க. நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவ. ஓமந்தூராரைப் பத்தி எழுதணும்னா கோயில் நுழைவு, ஜமீன் ஒழிப்பு, மதுவிலக்குன்னு எல்லாரும் எழுதுவாங்க. நான் அதைவிட ஒரு சட்டத்தைப் பத்திதான் அதிகமா எழுதப் போறேன். அவர் ஆட்சிக்கு வந்து மூணு மாசத்துக்குள்ள எடுத்துப் போட்ட சட்டம் அது. ஜெயில் சுவர் இல்லாமலே ஆயிரமாயிரம் குடும்பங்களைக் கைதியா வச்சிருந்த சட்டம்.

ராமசாமி ரெட்டியார் 1895-ம் வருஷம் பிப்ரவரி 1-ந்தேதி பிறந்தார். நிலபுலன் உள்ள விவசாயக் குடும்பம். திண்டிவனத்துல வால்டர் ஸ்கடர் பள்ளியில படிச்சார். பெரிய பட்டம் எதுவும் வாங்கலை. காந்தியோட வழியில காங்கிரஸுக்குப் போனார், கதர் உடுத்தினார், போராட்டத்துல கலந்து ஜெயிலுக்கும் போனார். வள்ளலார் மேல ரொம்பப் பக்தி. திருவண்ணாமலை ரமண மகரிஷிகிட்டயும் போய் வருவார். வசதியான வீட்டுல பிறந்தும் சாமியார் மாதிரி எளிமையா வாழ்ந்தவர்னு பேர்.

அந்தக் காலத்துல ஜெயிலுக்குப் போறது ஆம்பளைங்களுக்கு மட்டும் நடந்தது இல்லை. அப்ப நம்ம விழுப்புரமும் கடலூரும் சேர்ந்து தென்னாற்காடுன்னு ஒரே மாவட்டம். கடலூர் அஞ்சலை அம்மாள் கர்ப்பமா இருக்கறப்ப வேலூர் ஜெயில்ல இருந்தாங்க. பிரசவத்துக்கு வெளியே விட்டாங்க. பிள்ளை பிறந்ததும் கைக்குழந்தையைத் தூக்கிட்டு மிச்ச தண்டனைக்குத் திரும்ப உள்ளே போனாங்க. அந்தப் பிள்ளைக்கு ஜெயில் வீரன்னு பேரே வச்சிட்டாங்க. இவங்க எல்லாம் நாட்டுக்காகன்னு தெரிஞ்சே போனவங்க. வெளியே வந்தப்ப ஊரே மாலை போட்டுது. ஆனா அதே நேரத்துல, எந்தக் குத்தமும் செய்யாம, பிறந்த சாதிக்காகவே காவல்ல இருந்த ஜனங்க இருந்தாங்க. அவங்களுக்கு மாலை போட யாரும் இல்லை.

அந்தச் சட்டத்துக்குக் குற்றப்பரம்பரைச் சட்டம்னு பேர். ஜனங்க ரேகைச் சட்டம்னு சொல்லுவாங்க. வெள்ளைக்காரன் 1871-ல வடநாட்டுல கொண்டு வந்தான். 1911-ல சட்டத்தைத் திருத்தி நம்ம சென்னை மாகாணத்துக்கும் சேர்த்தான். அது எப்படி வேலை செஞ்சதுன்னு கொஞ்சம் நிதானமாச் சொல்றேன், ஏன்னா இதைப் புரிஞ்சாத்தான் ஓமந்தூரார் செஞ்சது எவ்வளவு பெரிய காரியம்னு தெரியும்.

ஒரு கூட்டத்தை, ஒரு சாதியை, இவங்க குற்றப்பரம்பரைன்னு அரசாங்கம் ஒரு அறிவிப்பு போட்டாப் போதும். அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போக முடியாது. அதுக்கப்புறம் அந்தச் சாதியில உள்ளவங்க போலீஸ் ஸ்டேஷன்ல போய்ப் பேர் பதிஞ்சு, விரல் ரேகை வைக்கணும். திருடினானா இல்லையான்னு கேள்வியே கிடையாது. ராத்திரியில வீட்டுல படுக்கக் கூடாது, ஸ்டேஷன்லயோ சாவடியிலயோ போய்ப் படுக்கணும். கல்யாணமான அன்னிக்கு ராத்திரி மாப்பிள்ளை சாவடியில படுத்த கதையை மதுரைப் பக்கம் இன்னிக்கும் சொல்லுவாங்க. அடுத்த ஊருக்கு விசேஷத்துக்குப் போகணும்னாலும் சீட்டு வாங்கணும். சீட்டு இல்லாமப் பிடிபட்டா அதுவே குத்தம். சட்டத்துல சொல்லியிருக்கிற குத்தங்கள்ல ரெண்டாவது தடவை தண்டனை ஆனாக் குறைஞ்சது ஏழு வருஷம் ஜெயில். மூணாவது தடவைன்னா ஆயுசுக்கும் நாடு கடத்தல். அடுத்தவனுக்கு ஆறு மாசம் கொடுக்கிற திருட்டுக்கு இவனுக்கு வாழ்க்கையே போச்சு.

நம்ம குழுக்கள்ல ஆரம்பத்துல கைநாட்டு வச்சவங்க எத்தனை பேர்! தீர்மான நோட்டுல கட்டை விரலை மையில அழுத்தி வைக்கிறதே வெட்கமா இருக்குன்னு, ராத்திரி பள்ளிக்கூடப் பிள்ளைங்ககிட்ட எழுத்துக் கத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட வந்தவங்க நம்மில் உண்டு. ஒரு விரலுக்கே அப்படி இருக்குன்னா, திருடன்னு பேர் வச்சு விரல் ரேகை எடுத்தா எப்படி இருந்திருக்கும்? நினைச்சுப் பாருங்க.

சில கூட்டங்களை ஊரை விட்டே கூட்டிட்டுப் போய் செட்டில்மெண்ட்டுன்னு ஒரு இடத்துல அடைச்சாங்க. ஆந்திராப் பக்கம் ஸ்டூவர்ட்புரம் அப்படி உண்டானதுதான். நம்ம பழைய தென்னாற்காட்டுலயே அஜீஸ் நகர்னு ஒரு செட்டில்மெண்ட் இருந்தது. வேப்பூர்ப் பக்கத்து ஜனங்களை அங்கே கொண்டு வச்சாங்க. உள்ளே வேலை செய்யணும், அனுமதி இல்லாம வெளியே வரக் கூடாது. பெத்தவங்ககிட்ட இருந்து பிள்ளைகளைப் பிரிச்சுத் தனியா வைக்கவும் அந்தச் சட்டத்துல இடம் இருந்தது. எனக்கு இதைப் படிக்கறப்ப அந்த இடத்துலதான் மனசு நின்னு போச்சு. குறவர், போயர், வலையர், பிரமலைக் கள்ளர், நம்ம பக்கத்துச் சில ஊர்ப் படையாட்சிங்கன்னு அந்தப் பட்டியல் நீளமா இருக்கு. நாடு முழுக்க எடுத்தா 127 சமூகம், ஒரு கோடியே முப்பது லட்சம் ஜனம் இதுக்குள்ள இருந்ததாச் சொல்லுவாங்க.

ஜனங்க சும்மா இருக்கலை. 1920 ஏப்ரல் 3-ந்தேதி உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூர்ல ரேகை வைக்க மாட்டோம்னு ஊரே நின்னுது. போலீஸ் சுட்டதுல பதினாறு பேர் செத்தாங்க. அதுல மாயக்காள்னு ஒரு பொம்பளையும் உண்டு. அதுக்கப்புறம் ஜார்ஜ் ஜோசப்னு ஒரு வக்கீல் அந்த ஜனங்களுக்காகக் கோர்ட்டுக்கும் மேடைக்கும் நடந்தார். முத்துராமலிங்கத் தேவர் ஊர் ஊராப் போய்ப் பேசினார். கம்யூனிஸ்ட் தோழர் ஜீவானந்தமும் பேசினார். 1937-ல காங்கிரஸ் முதல் முறை ஆட்சிக்கு வந்தப்ப எடுத்துடுவாங்கன்னு ஜனங்க காத்திருந்தாங்க. எடுக்கலை. ரெண்டு வருஷத்துல அந்த மந்திரிசபையும் போயிடுச்சு.

இனி ஓமந்தூராருக்கு வர்றேன். 1947-ல பிரகாசம் மந்திரிசபை கவிழ்ந்தது. கட்சிக்குள்ள ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தாங்க. யாரோட கோஷ்டியிலயும் பதவிக்கு அலையாத ஆளு வேணும்னு தேடினப்ப ராமசாமி ரெட்டியார் பேர் வந்தது. அவர் உடனே தலையாட்டலை, யோசிச்சுத்தான் ஒத்துக்கிட்டார். மார்ச் 23-ந்தேதி பதவி ஏத்தார். அப்ப மாகாணத்து முதலமைச்சரைப் பிரதமர்னு சொல்லுவாங்க. இன்னிக்கு ஆந்திராவுல ஏறக்குறைய முழுசும், கேரளாவுல மலபார், கர்நாடகாவுல கொஞ்சம்னு எல்லாம் சேர்ந்த பெரிய மாகாணம். அதுக்கு ஓமந்தூர் விவசாயி பிரதமர்.

குற்றப்பரம்பரைச் சட்டத்தை எடுக்கிற மசோதாவைச் சட்டசபைக்குக் கொண்டு வந்தவர் அந்த மந்திரிசபையில போலீஸ் இலாகா பார்த்த டாக்டர் சுப்பராயன். அதனால பெருமை முழுக்க ஓமந்தூராருக்குன்னு நான் சொல்ல மாட்டேன். ஊர்ல போராடினவங்களுக்குத்தான் முதல் பங்கு. ஆனா பத்து வருஷமா கட்சி தள்ளிப் போட்டதை, பதவிக்கு வந்த கொஞ்ச நாள்ல செய்யறதுக்கு மேலே இருக்கிற ஆளுக்கு மனசு வேணும். 1947 ஜூன்லயே அந்தச் சட்டம் சென்னை மாகாணத்துல இல்லாமப் போச்சு. ஆகஸ்ட் 15 வர்றதுக்கு முன்னாடியே! தில்லியில நாடு முழுக்க அதை எடுக்க 1952 ஆகஸ்ட் 31 வரைக்கும் ஆச்சு. அஞ்சு வருஷம் நாமதான் முன்னாடி. குற்றப்பரம்பரைங்கிற பேர் போய் இன்னிக்கு சீர்மரபினர்னு சொல்றோம். நம்ம குழுக்கள்லயே சில வீட்டுப் பிள்ளைங்க காலேஜுக்கு அந்தச் சாதிச் சான்றிதழ் கொடுத்துத்தான் சேர்ந்திருக்காங்க.

அவர் ஆட்சியில வேற என்னென்ன நடந்ததுன்னு சுருக்கமாச் சொல்லிடறேன். தாழ்த்தப்பட்டவங்க கோயிலுக்குள்ள போக மாகாணம் முழுக்கச் சட்டம் வந்தது. 1948-ல ஜமீன் ஒழிப்புச் சட்டம், மதுவிலக்கு. பாரதியார் பாட்டை அரசாங்கமே வாங்கிப் பொதுச் சொத்தாக்கினதும் அவர் காலத்துல தொடங்கினதுதான். பாரதியாரும் 1918-ல பாண்டிச்சேரியை விட்டு வெளியே வந்ததும் கடலூர் ஜெயில்ல இருந்தவர். பொட்டுக்கட்டுற வழக்கத்தைத் தடுத்த தேவதாசி ஒழிப்புச் சட்டத்துக்கு மட்டும் ஒரு வரி கூட எழுதறேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927-லயே சட்டசபையில கேட்டது, இருபது வருஷம் கழிச்சு இவர் ஆட்சியிலதான் நிறைவேறுச்சு. பிறந்த வீட்டை வச்சு ஒரு பொண்ணோட வாழ்க்கையை முடிவு பண்றதும், பிறந்த சாதியை வச்சு ஒருத்தனைத் திருடன்னு முடிவு பண்றதும் எனக்கு ஒண்ணாத்தான் தெரியுது. ரெண்டும் ஒரே வருஷத்துல போனது பொருத்தம்.

புகழ்ந்தே எழுதிட்டுப் போனா நியாயம் இல்லை. இன்னொரு பக்கமும் இருக்கு. பொது ஒழுங்குப் பாதுகாப்புச் சட்டம்னு ஒண்ணு அப்ப இருந்தது. விசாரணை இல்லாம ஆளை உள்ளே வைக்கலாம். அந்தச் சட்டத்தை வச்சு கம்யூனிஸ்ட் கட்சிக்காரங்களை நிறையப் பேரைப் பிடிச்சுப் போட்டாங்க. சுதந்திரக் கொடி ஏத்தின அதே நாள்ல ஏ.கே.கோபாலன் கண்ணூர் ஜெயிலுக்குள்ள இருந்தார். கண்ணூரும் அப்ப நம்ம மாகாணம்தான். 1948-ல இந்தி எதிர்ப்புல பெரியாரையும் கைது பண்ணினாங்க. ஒரு கையால பூட்டைத் திறந்த அரசாங்கம் இன்னொரு கையால பூட்டினது. இது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். தானும் ஜெயிலைப் பார்த்தவர் இதுக்கு எப்படிச் சம்மதிச்சார்னு கேக்கத் தோணுது.

ரேகைச் சட்டம் போன இடத்துல 1948-லயே வழக்கக் குற்றவாளிகள் சட்டம்னு வேற ஒண்ணும் வந்தது. இது சாதியைப் பார்க்காது, தனித்தனி ஆளைப் பார்க்கும், பல தடவை தண்டனை வாங்கினவங்களைக் கண்காணிக்கும். படிக்கறதுக்கு நியாயமாத்தான் இருக்கு. ஆனா முப்பது வருஷமா ஒரு சாதியையே பிடிச்சுப் பிடிச்சு உள்ளே போட்டிருந்தா, பல தடவை தண்டனை வாங்கினவன் யாரா இருப்பான்? பேர் மாறிடுச்சு, போலீஸ் நோட்டுல இருந்த ஆளு மாறலை. வாய்க்கு வாய் நாம கேடிப் பயன்னு திட்டறோமே, அந்தக் கேடியும் போலீஸ் நோட்டுல இருந்து வந்த வார்த்தைதான். நோன் டிப்ரடேட்டர்னு இங்கிலீஷ்ல எழுதி, அதைச் சுருக்கி கே.டி.ன்னு போடுவாங்களாம். பேர் போன கொள்ளைக்காரன்னு அர்த்தம். இது தெரிஞ்ச பிறகு என் பிள்ளையை நான் அந்த வார்த்தையில திட்டறதில்லை.

ஓமந்தூரார் பதவியில இருந்தது ரெண்டு வருஷம்தான். சிபாரிசு, வேண்டியவங்களுக்கு வேலைன்னு வந்தவங்களுக்கு முகத்துக்கு நேரே முடியாதுன்னு சொல்லிடுவார். அது கட்சிக்காரங்களுக்கே பிடிக்கலை. 1949 ஏப்ரல்ல பதவியை விட்டு இறங்கினார். திரும்பப் பதவி கேட்டு நிக்கலை. வடலூருக்குப் போய், வள்ளலார் பேர்ல பள்ளிக்கூடம், ஆதரவில்லாத பிள்ளைகளுக்கு இல்லம்னு அதுலயே இருந்துட்டார். 1970 ஆகஸ்ட் 25-ந்தேதி காலமானார். ஓமந்தூர்ல அவருக்கு மணிமண்டபம் இருக்கு. நுழைவுக் கட்டணம் கிடையாது.

அவர் போய் அரை நூற்றாண்டுக்கு மேல ஆச்சு. அவர் பிறந்த தாலுக்காவுல இன்னிக்கு என்ன நிலைமை? ஒரு ஊர்ல நகை காணாமப் போனா, முதல்ல யாரைத் தேடி வண்டி போகுதுன்னு நமக்குத் தெரியும். இருளர் குடிசைங்களுக்குத்தான். செங்கல் சூளையிலயும் மரம் வெட்டற இடத்துலயும் வேலை செய்யற ஜனம். கேக்க ஆள் இல்லைன்னு தெரிஞ்சே செய்யறது. இதுக்காகத்தான் திண்டிவனத்துல பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் உண்டாச்சு. பொய்க் கேஸுக்கு எதிரா முப்பது வருஷமா நடந்துட்டு இருக்காங்க. ஜெய் பீம் படம் நிறையப் பேர் பார்த்து அழுதிருப்போம். அந்தச் சம்பவம் 1993-ல கம்மாபுரம் பக்கம் முதனை கிராமத்துல நிஜமா நடந்தது. படத்துல இருளர்னு காட்டினாங்க, நிஜத்துல செத்தவர் குறவர். ரேகைச் சட்டப் பட்டியல்ல இருந்த அதே குறவர். சட்டத்தை எடுத்து 46 வருஷம் கழிச்சு.

இன்னொரு கணக்கு. இந்தியா முழுக்க ஜெயில்ல இருக்கிறவங்கள்ல நூத்துக்கு எழுபத்தஞ்சு பேருக்கு இன்னும் தீர்ப்பே ஆகலை. விசாரணைக் கைதிங்க. அதுல நிறையப் பேர் ஜாமீன் கிடைச்சும் உள்ளேயே இருக்காங்க, ஏன்னா ஜாமீன் போட ரெண்டு ஆளு கிடைக்கலை. நம்ம குழுவுல ஒருத்தி வாங்கற கடனுக்குப் பதினோரு பேர் பொறுப்பு ஏத்துக்கறோம். ஒரு ஏழைக்கு ஜாமீன் ஆள் இல்லாமப் போறதுன்னா என்னன்னு நம்மளைவிட யாருக்குப் புரியும்? அமெரிக்காவுலயும் ஜனத்தொகைக் கணக்கைவிட ரொம்ப அதிகமாக் கறுப்பு ஜனங்கதான் ஜெயில்ல இருக்காங்களாம். எங்கே போனாலும் இதே கதைதான் போல.

நல்ல செய்தியும் உண்டு. ஜெயிலுக்குள்ள சாதி பார்த்து இவன் கூட்டணும், அவன் சமைக்கணும்னு விதி எழுதி வச்சிருந்ததை, சுகன்யா சாந்தாங்கிற பத்திரிகைக்காரப் பெண் வெளியே கொண்டு வந்து வழக்குப் போட்டாங்க. அது செல்லாதுன்னு 2024 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிடுச்சு. சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளி மாதிரி எழுதியிருந்த விதிகளும் அதோட போச்சு. 2024 ஜூலையில வந்த புதுச் சட்டப்படி, முதல் தடவை கேஸ் ஆனவங்க, அந்தக் குத்தத்துக்கு உள்ள அதிகபட்சத் தண்டனையில மூணுல ஒரு பங்கு காலம் விசாரணைக் கைதியாவே உள்ளே இருந்துட்டா, ஜாமீன்ல விடணும். தூக்கு, ஆயுள் தண்டனைக் கேஸுக்கும், ஒருத்தர் மேல பல கேஸ் இருந்தாலும் இது பொருந்தாது. இதைக் கேட்டு வாங்க உள்ளே இருக்கிறவங்களுக்குத் தெரியாது. வெளியே இருக்கிற பொண்டாட்டிக்கோ அம்மாவுக்கோ தெரிஞ்சிருக்கணும்.

இதெல்லாம் நமக்கு எதுக்குன்னு ஒரு அக்கா கேட்டாங்க. ஆம்பளையைப் பிடிச்சுட்டுப் போனா வாசல்ல நிக்கறது யாரு? நகையை அடகு வச்சு வக்கீலுக்குக் கொடுக்கறது யாரு? அதனால நாலு விஷயம் தெரிஞ்சு வச்சுக்கலாம். யாரைக் கைது பண்ணினாலும் 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும். பொழுது சாஞ்சு மறுநாள் விடியற வரைக்கும் பொம்பளையைச் சும்மா கைது பண்ண முடியாது, அதுக்கு மாஜிஸ்திரேட் அனுமதியும் பெண் போலீஸும் வேணும். வக்கீலுக்குக் காசு இல்லைன்னா சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமா வக்கீல் கொடுக்கும். பொம்பளைங்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்கும் ஜெயில்ல இருக்கிறவங்களுக்கும் வருமானமே பார்க்க மாட்டாங்க. போன் நம்பர் 15100, காசு கிடையாது.

அந்த நம்பரை எங்க குழு தீர்மான நோட்டோட முதல் பக்கத்துல எழுதி ஒட்டிட்டோம். விழுப்புரம் கோர்ட்டுல இருந்து சட்டப் பணிக்காரங்களை அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கூப்பிடலாம்னும், அன்னிக்கு இருளர் குடியிருப்புல இருந்து குழுவுல சேராத பொம்பளைங்களையும் அழைச்சுட்டு வரலாம்னும் பேசி வச்சிருக்கோம். தேதியை மத்த குழுத் தலைவிங்க சொல்லணும்.